பெரிய புராணத்தில் இல்லாத வேதியர்

நந்தனார் கதையை அறியாத தமிழர் இல்லம் அரிது. தில்லைக்குச் செல்ல விடை வேண்டி நிற்கும் பண்ணையாளையும், விடை மறுத்துச் சீறும் வேதியரையும் நாம் ஒருசேரவே நினைவில் கொண்டுள்ளோம். ஆயின் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரிய புராணத்தைப் புரட்டினால் அந்த வேதியரை அங்கே காண இயலாது.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் ஊர்த்தொழிலுக்கென விடப்பட்ட நிலத்தின் விளைவை உண்டு ஆதனூரில் வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்து வந்தவர். அவரைப் போகாதே என்று தடுத்த ஆண்டை எவருமில்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி, நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள் கழித்தார்.

வேதியரைப் படைத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த இவர், தாமும் அந்தணரே என்பதை இங்கே கருத வேண்டும். காவிரிக்கரைப் பண்ணைகளை அவர் கண்ணாரக் கண்டவர். அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாதென 1843-இல் சட்டம் பிறந்தும், சேற்றில் நின்ற உழைப்பாளியின் நிலை எளிதில் மாறவில்லை. சட்டம் தொடாத இடத்தில் சாத்திரத்தின் பெயர் நின்று காத்தது. பாரதியாரின் வேதியர் பேசுவதைக் கூர்ந்து கேளுங்கள்: அறுவடை கெடும் என்ற அச்சம் அவர் நெஞ்சில் இருக்கிறது, நாவில் வருவதோ குலமும் ஆசாரமும்! இவ்விரண்டையும் ஒரே மனிதரிடத்தில் வைத்துக் காட்டியதே பாரதியாரின் துணிவு என்று கருதுகிறோம். நாற்பது வேலிப் பயிரை ஓரிரவில் அறுத்துவிட்டுப் போ என்று ஆணையிட்ட அதே வேதியர், பூதகணங்கள் அறுத்துக் குவித்த நெல்லைக் கண்டு நந்தன் காலில் விழுகிறார். கதாகாலட்சேப மேடைதோறும் இக்காட்சி நடந்தது. கேட்டுக் கண்ணீர் வடித்தோருள் பண்ணை உடையவர்களும் இருந்திருப்பர் அல்லவா?

1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவுடன் நூல் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழைகள் மலிந்தது என்று சிறப்புப்பாயிரம் தர முதலில் இசையவில்லை. பாரதியார் பாடக் கேட்டபின் மனம் நெகிழ்ந்து அளித்தார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்துள்ளார்.

எனினும் பாரதியார் தீண்டாமல் விட்ட இடம் ஒன்றுண்டு. தில்லையில் மூட்டப்பட்ட தீ அவர் நூலிலும் அணையவில்லை. நந்தன் அதில் மூழ்கி எழுந்த பிறகே சந்நிதி திறக்கிறது. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் தோன்றி நாட்டை உருக்கினர். இவ்விரு படங்களுக்கும் இடையே, 1939 ஜூலை 8-ஆம் நாள், மதுரை மீனாட்சி அம்மன் ஆலயத்துள் வைத்தியநாதையரோடு கக்கனும் தோழர்களும் நுழைந்தனர். அவர்களை எவரும் தீயில் இறங்கச் சொல்லவில்லை.