கொடியும் கிண்ணமும்: கம்பத்திலிருந்து பர்கண்டி வரை

லூர்து நகருக்குத் திருப்பயணம் செல்வது இன்று நம் பங்குகளில் அரிய செய்தியன்று. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், பிள்ளைகள் அயல்நாட்டில் வேலை பார்க்கும் பெற்றோரும் குழுவாகப் புறப்பட்டுச் செல்கின்றனர். பயண நிறுவனங்கள் தரும் நிகழ்ச்சி நிரலில் இப்போது மற்றொரு வரியும் தென்படுகிறது: பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களைக் காணல், திராட்சை இரசம் சுவைத்தல். வாசுதேவநல்லூர் வட்டார இறைமக்கள் இதுபற்றி எழுப்பும் வினா நேரானது. குடியால் குடும்பங்கள் சீரழிவதை நாள்தோறும் காணும் நாம், கடல் கடந்து சென்று கிண்ணத்தைக் கையில் எடுப்பது தகுமா? இவ்வினாவை ஆம், இல்லை என்னும் ஒரு சொல்லால் தீர்த்துவிட இயலாது. கொடியின் வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்த்தால் விடை தானே புலப்படும்.

திருமறை நூல் இதில் நமக்கு நல்லதொரு தொடக்கம் தருகிறது. தொடக்க நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா முதல் திராட்சைத் தோட்டத்தை நடுகிறார். அதே அதிகாரத்திலேயே முதல் குடிவெறியும் முதல் தலைகுனிவும் நேர்கின்றன. கானாவூர்த் திருமணத்திலோ அதே இரசம் ஓர் ஏழை வீட்டின் மானத்தைக் காக்கிறது. கொடி ஒன்று, அதனைக் கையாளும் மனிதரே இருவேறு வழியினர்.

தமிழகத்திற்குத் திராட்சை இரசம் புதியதன்று. யவனர் நற்கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56 ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. ஆயின் அன்று வந்தது மன்னர்க்கும் வணிகர்க்கும் உரிய பண்டம். கொடி வரவில்லை, சாடியே வந்தது. கொடியை மண்ணில் ஊன்றி வளர்க்கும் பொறுமையை இந்தத் தொடர்பில் காண்பதற்கு நாம் பல நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமைக்குப் பேர்பெற்றது பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதி. 910 இல் குளூனி மடமும், 1098 இல் சித்தோ மடமும் அங்கே தோன்றின. சித்தோத் துறவியர் தமக்கு அறக்கொடையாக வந்த நிலங்களைத் திருத்தித் திராட்சை பயிரிட்டனர். குளோ த வூஜோ என்னும் அவர்களது தோட்டம் மதிற்சுவர் சூழ்ந்தது. ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்புடையது. எந்தச் சரிவில் எந்த மண், எந்த மண்ணில் எத்தகைய கனி என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்த துறவியரின் அறிவு, பர்கண்டியின் இன்றைய தோட்டப் பிரிவினைகளில் ஊறிக் கிடக்கிறது. அப்பிரிவினைகளை யுனெஸ்கோ 2015 இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 1789 இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் நிலங்களைப் பறித்து ஏலமிட்டது. துறவியர் அகன்றனர், அவர்கள் நட்ட ஒழுங்கு நின்றது.

இத்துறவியர் குடியர்களா என்று வினவுவோர் உண்டு. அவர்கள் பின்பற்றிய புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூல் ஆறாம் நூற்றாண்டினது. அதன் 40 ஆம் அதிகாரம், துறவிக்கு இரசம் தகாது என்பதே முறை என்று ஒப்புக்கொண்டு, மனித வலுவின்மையைக் கருதி நாளொன்றுக்கு ஒரு சிறு அளவை மட்டும் விதிக்கிறது; அதனையும் துறப்போர்க்குத் தனிப் பரிசு உண்டென்கிறது. கொடியை வளர்த்த கைகளே அளவையும் வகுத்தன என்பது நாம் நினைவில் இருத்த வேண்டிய உண்மை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் வடக்கே நீண்டு மேகமலையாக உயர்கிறது. அதன் மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. 1895 இல் பென்னி குயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர் பாயும் அப்பூமியில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832 இல் ஒரு பிரெஞ்சுக் குரு இத்திராட்சையைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது அதனுடன் வழங்கும் வரலாறு. இன்றைய பன்னீர் திராட்சையின் இனமாகிய மஸ்கட் ஹாம்பர்க், 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பெயர் பெற்றது. ஆகவே முதலில் வந்த கொடியும் இன்றைய கொடியும் ஒன்றே என வற்புறுத்த வேண்டியதில்லை. வந்த வழியே நமக்கு முக்கியம். 1776 முதல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் புதுச்சேரி மறைத்தளத்தை நடத்தி வந்தனர். பிரெஞ்சு இயேசு சபையினர் 1838 இல் மதுரை மறைத்தளத்தை மீண்டும் ஏற்றனர். சூயஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்படும் வரை ஐரோப்பியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. திருப்பலிக்கு இரசமின்றி இயலாது. திராட்சைக் கனியினின்று இயற்கையாய்ப் பெறப்பட்டதும் கெடாததுமான இரசமே வேண்டும் என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924 ஆம் பிரிவும் கூறுகிறது. அத்தகைய காலத்தில் ஒரு குருவின் கை திராட்சைக் கொடியைக் கொணர்ந்தது என்றால் அதில் வியப்பென்ன!

பிரெஞ்சு நாட்டில் கொடி குளிர்காலத்தில் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது. கம்பத்திலோ அதற்கு உறக்கமில்லை. பந்தலில் படர்ந்த கொடியை உழவர் கவாத்து செய்து காய்க்க வைக்கின்றனர். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். யோவான் நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தை ஒரு கவாத்துக் கத்தியின் அருகே நின்று வாசித்தால் அதன் பொருள் வேறு விதமாகத் தைக்கும்.

நம் மாநிலச் சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. 1937 இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்னர் மாநிலமெங்கும் பரவிய மதுவிலக்கு 1971 இல் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. திருப்பலி இரசத்திற்கோ 1984 இல் தனி விதிகள் வகுக்கப்பட்டன. சாலையோரக் கடையின் புட்டியும் பலிபீடத்தின் கிண்ணமும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் அறியும். நம் இல்லங்கள் அறிகின்றனவா என்பதே கேள்வி. 'சாமியாரே குடிக்கிறார், நான் குடித்தால் என்ன?' என்று சொல்லும் கணவனுக்கு மறுமொழி கூற இயலாமல் தவிக்கும் மனைவியர் நம் பங்குகளில் உண்டு. அவர்களுக்கும் இவ்வரலாறு துணையாக வேண்டும்.

ஆகவே பயணம் செல்ல விரும்புவோர்க்கு நாம் ஒரு திட்டத்தை முன்வைக்கிறோம். முதலில் இராஜபாளையம், தே. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, தேனி வழியாகக் கம்பம் சென்று ஒரு திராட்சைப் பந்தலின் கீழ் நில்லுங்கள். எலுமிச்சையும் கரும்பும் வளர்த்த நம் மக்களுக்கு அங்கே கேட்க வேண்டியவை நிறைய உண்டு. பிறகு பிரெஞ்சு நாடு. செப்டம்பர் மாதமே அறுவடைக் காலம். லியோன் நகரிலிருந்து முதலில் ஆர்ஸ் செல்லுங்கள். பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி 1818 இல் அச்சிற்றூருக்கு வந்தார். மதுக்கடைகளுக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போதித்து அவற்றை மூடச் செய்தார். சோன் ஆற்றைக் கடந்தால் மேற்கே பொஜொலேத் திராட்சைக் குன்றுகள்! தோட்டங்களின் அண்டையிலேயே வாழ்ந்த அப்புனிதர், கொடியின்மேல் போர் தொடுக்கவில்லை. கூலியை விழுங்கிய கடையையே எதிர்த்தார்.

அடுத்து வடக்கே குளூனி. அதன்பின் போன் என்னும் சிறு நகர். நூறாண்டுப் போரின் வறுமைக்கிடையே, 1443 இல் நிக்கொலா ரோலனும் அவர் துணைவி கிகோனும் ஏழை நோயாளர்க்கென அங்கே ஒரு மருத்துவமனை நிறுவினர். அதற்குப் பலரும் திராட்சைத் தோட்டங்களைக் கொடையாகத் தந்தனர். அவற்றின் இரசம் 1859 முதல் ஆண்டுதோறும் ஏலத்தில் விற்கப்பட்டு, வரும் பணம் மருத்துவப் பணிக்குச் செல்கிறது. வியான்னி அடிகள் இறந்த ஆண்டும் 1859 தான்.

சுவைத்தலைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள தேர்ந்த சுவைஞர் நிறத்தை நோக்கி, மணத்தை முகர்ந்து, ஒரு மடக்கை நாவில் நிறுத்தி, அதற்கென வைத்த கலத்தில் உமிழ்ந்து விடுகின்றனர். அறிவதே அவர்கள் நோக்கம், மயங்குவதன்று. குடிப் பழக்கத்தினின்று மீண்டவரோ அதனையும் தவிர்ப்பதே அறிவுடைமை. அவரோடு செல்லும் குழுவினர் அவர் பொருட்டுத் தாமும் கிண்ணத்தை ஒதுக்கி வைப்பாராயின், அதுவே சிறந்த திருப்பயணம்.

உழைப்பும், அளவும், ஈகையும் சேர்ந்தபோது கொடி பலிபீடம் ஏறியது. இம்மூன்றும் நீங்கியபோது அதுவே நோவாவின் கூடாரத்தில் நாணமாய் விழுந்தது. எங்கே பயணம் செய்யினும், கிண்ணத்தை ஏந்துமுன் இம்மூன்றும் உடன் வருகின்றனவா என்று நாம் பார்த்துக்கொள்வோமாக.