கதைக்குள் புகுந்த பார்வையாளர்

மெய்நிகர்க் கருவியைக் கண்களில் அணிந்து கதைக்குள்ளேயே நடமாடும் கலையை இன்றைய உலகம் பெரும் புதுமையெனக் கொண்டாடுகிறது. அமெரிக்க அறிஞர் ஐவன் சதர்லாந்து 1968 ஆம் ஆண்டிலேயே தலையில் அணியும் காட்சிக் கருவியை உருவாக்கினார். பார்ப்போரைக் கதையின் பங்காளராக்கும் வேட்கையோ அதனினும் மிகத் தொன்மையானது. அவ்வேட்கை வளர்ந்த படிகளை மட்டாஞ்சேரியிலிருந்து தொடங்கிக் காண்போம்.

மட்டாஞ்சேரி அரண்மனை 1555 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி மன்னர்க்கு வழங்கப்பட்டது; பின்னர் ஒல்லாந்தர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை எனவும் பெயர் பெற்றது. அதன் பள்ளியறைச் சுவர்களில் தசரதன் வேள்வி முதலாக இராமகாதை ஓவியமாக விரிகிறது. அறையின் நடுவே நிற்பவரைக் கதை சூழ்ந்துகொள்கிறது. எனினும் அங்கே நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. காண்பதொன்றே நம் தொழில்.

அடுத்த படி முடியேற்று. எர்ணாகுளம் முதலிய மத்திய கேரள மாவட்டங்களின் காளி கோயில்களில் நிகழும் இக்கலையை 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. காளி வேடத்தார் தாரிகனைத் துரத்திக்கொண்டு மக்கள் கூட்டத்துள் பாய்வார். கூளி வேடத்தார் கூடியிருப்போரோடு விளையாடி நகைப்பூட்டுவார். இங்கே கதை நம்மை நாடி வருகிறது; அஞ்சி ஒதுங்கும் கால்கள் நம்முடையவை.

மூன்றாம் படியைத் தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களிற் காண்கிறோம். பகாசுரன் வதத்தன்று வீமன் வேடத்தார் வண்டியேறித் தெருத்தெருவாக வருவார். ஊரார் அவருக்கு உணவு அளிப்பர். அப்பொழுது ஊரே ஏகசக்கர நகரமாகிவிடும். அர்ச்சுனன் தபசில், தபசு மரத்தின் உச்சியிலிருந்து எறியப்படும் எலுமிச்சங்கனியை மகப்பேறு வேண்டும் மகளிர் முந்தானை ஏந்திப் பெறுவர். கதையின் முடிவை எவரும் மாற்றுவதில்லை. ஆயினும் சோறிட்டவர்க்கு அக்கதையில் ஒரு கடமையும், கனி பெற்றவர்க்கு ஒரு பயனும் உண்டாகிவிடுகின்றன. பங்கேற்புக்கு இலக்கணம் இதுவே என்பது நம் துணிபு.

இவ்விலக்கணத்தை 2016 ஆம் ஆண்டில் கொச்சி வேறொரு கோலத்தில் கண்டது. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியின் ஆஸ்பின்வால் மாளிகையில், கொச்சி முசிரிஸ் கலைவிழாவிற்காகச் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா 'வேதனைக் கடல்' என்னும் படைப்பை அமைத்தார். 2015 இல் கடலில் மாண்டு கரையொதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகை உலுக்கியதை யாவரும் அறிவர். உடன் மாண்ட அண்ணன் காலிப்பை உலகம் நினைக்கவில்லை. அச்சிறுவனுக்கே சுரீத்தா தம் படைப்பை உரிமையாக்கினார். கூடமெங்கும் கடல்நீர், சுவர்களில் கவிஞரின் சொற்கள். அவற்றைப் படிக்க வேண்டுவோர் நீரில் இறங்கி நடந்தேயாக வேண்டும். கருவி ஏதுமின்றியே காண வந்தோர் கடல் கடப்போராயினர்.

மறு ஆண்டு மெக்சிகோ இயக்குநர் இன்யாரித்து, 'கார்னே இ அரேனா' என்னும் மெய்நிகர்ப் படைப்பில், பார்வையாளரை வெறுங்காலோடு மணலில் நடக்கச் செய்து, எல்லை கடக்கும் ஏதிலியரிடையே நிறுத்தினார். காட்சி கருவியால் வந்தது. மணலின் உறுத்தலோ மெய்யாகவே இருந்தது.

பிறமண்ணில் குடியேறிய நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. நம் விழாக்களில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, கைபேசியில் படமெடுத்துத் திரும்புகின்றனர். பார்த்த கதை மறக்கும். தாம் ஒரு செயல் புரிந்த கதை எளிதில் மறவாது. ஆதலின் நம் மேடையில் பகாசுரன் கதை நிகழுங்கால், வீமனின் வண்டிக்கு ஒரு பிடி சோறேனும் நம் பிள்ளைகளின் கையால் செல்லுமாறு செய்வோமாக.