இருபத்தெட்டு வீடுகளில் ஒரு குறுவட்டு



கடந்த பள்ளி விடுமுறையில் குவீன்ஸ்டவுனில் உள்ள எங்கள் வீட்டுப் பொருளறையைத் துப்புரவு செய்தபோது, காலணிப் பெட்டி ஒன்று நிறையக் குறுவட்டுகள் கிடைத்தன. ஒன்றின்மீது "2003, கேட்டல் கருத்தறிதல், தொடக்கநிலை 5" என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. கணினியில் இட்டுக் கேட்கலாம் என்றால், இன்றைய கணினிக்கு வட்டை இடும் வாயிலே இல்லை. நண்பர் ஒருவரிடம் பழைய கருவியை இரவல் வாங்கி இட்டேன். வட்டு சுழன்றது, முனகியது, நின்றுவிட்டது.

அந்த வட்டின் வரலாற்றைச் சற்றுச் சொல்ல விரும்புகின்றேன். பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் உருவாக்கிய இசைக் குறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தது. அது தொழிற்சாலையில் அச்சிடப்படுவது. நாம் கேட்கலாம், எழுத இயலாது. எழுதத்தக்க வட்டினை 1988இல் ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. அதில் மெல்லிய சாயப் படலம் ஒன்று உண்டு. லேசர் ஒளி அதனைப் புள்ளி புள்ளியாகச் சூடேற்றி மாற்றிவிடும். இதைத்தான் 'எரித்தல்' என்றோம். உண்மையில் அங்கே தீயும் இல்லை, புகையும் இல்லை.

தொடக்கத்தில் பதிவுக் கருவிகளை நிறுவனங்களே வாங்க முடிந்தது. 1995இல்தான் ஆயிரம் அமெரிக்க டாலருக்குக் குறைவான கருவியை எச்பி நிறுவனம் வெளியிட்டது. விலையினும் பெரிய இடர் வேகம். ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு 150 கிலோபைட். 74 நிமிட வட்டை எழுத 74 நிமிடமே ஆகும். இடையில் கணினி தரவைத் தர ஒரு கணம் தாமதித்தாலும் வட்டு பாழ். பாழான வட்டுகளை எங்கள் மாணவர்கள் தீபாவளித் தோரணமாக்கினர் என்பது வேறு கதை! 2000ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனத்தின் நுட்பம் இதற்குத் தீர்வு கண்டது. தரவு தீர்ந்தால் லேசர் நின்று, வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன்பின் வேகம் விரைந்து ஏறி 52 மடங்கை எட்டியது. அவ்வேகத்தில் வட்டு நிமிடத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுழலும். அதற்குமேல் சுழற்றினால் பிளாஸ்டிக் வட்டு உடைந்து சிதறக்கூடும் என்பதால் போட்டி ஏறக்குறைய அங்கேயே ஓய்ந்தது.

இவ்வளவு வேகம் ஆசிரியருக்கு எதற்கு?

2003 மார்ச் 27 அன்று சார்ஸ் நோயின் காரணமாகச் சிங்கப்பூர்ப் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப்பள்ளிகள் ஏப்ரல் நடுப்பகுதியில்தான் திறந்தன. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத எனக்கு, என்ன செய்வதென்றே புரியவில்லை. இறுதியில் இருபது நிமிடக் கேட்டல் பயிற்சி ஒன்றை என் குரலிலேயே பதிவு செய்தேன். இணையவழி அனுப்பலாம் என்றால் எல்லார் வீட்டிலும் அதற்கேற்ற இணைப்பு இல்லை. ஆனால் குறுவட்டு ஓடும் கருவி ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் இருந்தது. மாணவர் 28 பேர். ஒரு மடங்கு வேகமென்றால் 560 நிமிடம், அதாவது ஒன்பது மணி நேரத்திற்கு மேல். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய கருவி, வட்டுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடமே எடுத்துக்கொண்டது. இரவு உணவுக்குப்பின் தொடங்கி, உறங்கச் செல்லுமுன் முடித்தேன். மறுநாள் பெற்றோர் சிலர் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திற்கு வந்து பெற்றுக்கொண்டனர்; மற்றவற்றை அஞ்சலில் சேர்த்தேன்.

அன்று நான் அறியாதது ஒன்று. அச்சிட்ட வட்டைப்போல் எழுதிய வட்டு நீடிப்பதில்லை. வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தை மங்கச் செய்யும். நம் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமா? பளபளப்பான அடிப்பக்கத்தையே நாம் காத்தோம். ஆனால் தரவுப் படலம் இருப்பது பெயர் எழுதும் மேற்பக்கத்தை ஒட்டி. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியவளும் நான்தான். ஓலைச்சுவடி சிதையுமுன் படியெடுத்து வைத்த நம் முன்னோர் என்னைவிட விவரமானவர்கள்.

வட்டுகளின் காலமும் முடிந்துவருகிறது. தையோ யூடன் 2015இல் இத்தொழிலைக் கைவிட்டது. சோனி, எழுதத்தக்க புளூரே வட்டுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது.

பெட்டியில் ஓடிய வட்டுகளை நிலைவட்டுக்கு மாற்றிவிட்டேன். 2003இன் மூலப் பிரதி மட்டும் திறக்கவில்லை. ஆனால் அதற்கு இருபத்தெட்டுப் படிகள் உண்டு. அவ்வாண்டு என்னிடம் பயின்ற பிள்ளைகளின் பெற்றோர் எவரேனும் இதனைப் படித்தால், வீட்டில் பழைய இசைத் தட்டுகளுக்கிடையே ஒருமுறை தேடிப் பாருங்கள். வெள்ளை உறை, நீல மையில் பிள்ளையின் பெயர் எழுதியிருக்கும்.