நம் அணைக்குள் இருக்கும் எஃகு



முல்லைப் பெரியாறு என்றதும் பென்னிகுவிக் படம் மனதில் வரும். கம்பத்திலும் சின்னமனூரிலும் எத்தனையோ வீடுகளில் அந்தப் படம் உண்டு. நான் இன்று சொல்ல வந்தது, அவருக்குப் பிறகு அணைக்குள் இறங்கிய எஃகுக் கம்பிகளைப் பற்றி.

1895-இல் திறக்கப்பட்ட அணையின் இருபுறமும் கருங்கல் கட்டு. நடுவில் சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் சேர்ந்த கலவை. தன் எடையால் தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை இது. இவ்வகைக் கலவைக்கு ஒரு குணம் உண்டு: அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் நம் முன்னோர் மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்து மிதித்தார்கள். இன்று சுரங்கங்களிலும் தொழிற்சாலைத் தளங்களிலும் கான்கிரீட்டில் குட்டை எஃகு இழைகளைக் கலப்பதும் அதே அறிவுதான்.

1979-இல் அணையின் பாதுகாப்பு பற்றி அச்சம் எழுந்தது. நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி, மேலே கான்கிரீட் தொப்பி, பின்புறம் கான்கிரீட் சுவர், நடுவில் எஃகு வடங்கள் என மூன்று வேலைகள் நடந்தன.

வட வேலைதான் எனக்கு வியப்பு. அணையின் உச்சியிலிருந்து துளையிட்டு, அடிப்பாறைக்குள்ளும் 30 அடி இறங்கினார்கள். 7 மி.மீ. தடிமனுள்ள 34 எஃகுக் கம்பிகள் சேர்ந்தது ஒரு வடம். அதை 120 டன் விசையில் இழுத்துப் பூட்டினார்கள். இப்படி 95 வடங்கள். கொத்தனார் ஐந்தாறு செங்கல்லை இரு கையாலும் நெருக்கிப் பிடித்து ஒரே வரிசையாகத் தூக்குவாரே, அதே தத்துவம். நெருக்கம் இருக்கும்வரை வரிசை கலையாது. வடம் அணையைப் பாறையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது.

பலப்படுத்தும் பணிகளையும் ஆராய்ந்த பின்னரே, 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அந்த ஆண்டே அணை 142-ஐத் தொட்டது.

"வெறும் சுண்ணாம்பு அணை" என்று யாராவது சொன்னால் கோபப்படாதீர்கள். கீழே வாழும் கேரள மக்களின் பயமும் உயிர்ப்பயம்தான்; நம் இருபோக நெல்லும் குடிநீரும் வாழ்வுதான். இந்தக் கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பராமரிப்பும் சோதனையும் தவறாமல் நடக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.