இலவச சாஃப்ட்வேர் டவுன்லோட்: கேட்டது ஒன்று, கூடவே வருவது மூன்று, தவிர்ப்பது எப்படி?

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நவம்பர் வரை, இந்தியாவில் பலருக்கு விஎல்சி மீடியா பிளேயரின் அதிகாரப்பூர்வ தளம் திறக்கவே இல்லை. பிளேயருக்குத் தடை கிடையாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் அது வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தது. முடக்கப்பட்டது தளம் மட்டும். தடை உத்தரவு பொதுவெளியில் வைக்கப்படவும் இல்லை.

விஎல்சியை உருவாக்கும் 'வீடியோலேன்', பிரான்ஸைச் சேர்ந்த லாப நோக்கற்ற அமைப்பு. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் உதவியோடு அக்டோபரில் மத்திய அரசுக்கு சட்ட நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. அசல் தளத்தை அடைத்தால் மக்கள் கண்ட கண்ட தளங்களில் போய் டவுன்லோட் செய்வார்கள் என்ற கவலையும் அப்போது பேசப்பட்டது.

இன்று அந்தத் தளம் திறக்கிறது. ஆனால் நம்மில் பலர் இப்போதும் அசல் தளத்துக்குப் போவதில்லை. கூகுளில் பெயரைப் போடுவோம், முதலில் வருவதை க்ளிக் பண்ணுவோம், அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். முடிச்சுட்டுப் பார்த்தா பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியிருக்கும். கேட்காத ஒரு 'பிசி கிளீனர்' வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான கோளாறுகள் இருப்பதாக மிரட்டும்.

இதில் யாருக்கு என்ன லாபம்?

இந்தத் தொழிலுக்கு 'பே-பர்-இன்ஸ்டால்' என்று பெயர். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தங்கள் டூல்பாரையோ கிளீனரையோ இறக்கிக் கொடுப்பவருக்கு, விளம்பர நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும். கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2016-ல் இதை ஆராய்ந்தபோது, ஒரு இன்ஸ்டாலுக்கு 10 சென்ட் முதல் 1.50 டாலர் வரை விலை போனது தெரியவந்தது. வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட டவுன்லோட் முயற்சிகள் இந்த வலைப்பின்னல்கள் வழியாக நடந்தன. அசல் மால்வேரைவிட இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆகவே பல சமயம் பிரச்சினை அந்த இலவச சாஃப்ட்வேரில் இல்லை, அதை நம் கையில் கொடுப்பவரிடம் இருக்கிறது. விஎல்சியோடு டூல்பார் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வந்த பல மில்லியன் யூரோ பேரங்களை மறுத்துவிட்டதாக வீடியோலேன் தலைவர் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே பிளேயரை எடுத்து, மேலே இன்னொரு உறை போட்டு, வேறொருவர் தன் தளத்தில் வைக்கலாம். உறைதான் சம்பாதிக்கிறது.

பெரிய பெயருள்ள தளங்களும் இதைச் செய்தவைதான். ஒரு காலத்தில் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்களின் தலைவாசலாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2013-ல் இன்ஸ்டாலருடன் விளம்பர புரோகிராம்களைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. படங்களை எடிட் செய்யும் ஜிம்ப் குழு, அந்த ஆண்டே தன் விண்டோஸ் இன்ஸ்டாலரை அங்கிருந்து எடுத்துவிட்டது. விட்டார்களா? 2015-ல் ஜிம்பின் பழைய பக்கத்தை சோர்ஸ்ஃபோர்ஜ் தானே கையில் எடுத்து, விளம்பரம் சேர்த்த இன்ஸ்டாலரை வைத்தது. பெரிய சண்டையானது. 2016-ல் தளம் கைமாறிய பிறகு, புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தையே மூடினார்கள்.

அப்போ எங்கிருந்து எடுப்பது?

உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து. சொல்வது சுலபம், ஏனென்றால் அந்த முகவரி நாம் ஊகிப்பது போல இருக்காது. விஎல்சியின் முகவரியில் விஎல்சி என்ற பெயரே கிடையாது, 'வீடியோலேன் டாட் ஆர்க்' என்றுதான் இருக்கும். செவன்-ஜிப் முகவரியில் நடுவே சின்னக் கோடு உண்டு, முடிவில் 'டாட் ஆர்க்'. சந்தேகமாக இருந்தால், அந்த சாஃப்ட்வேரின் விக்கிபீடியா பக்கத்தில் வலப்பக்கப் பெட்டியில் இருக்கும் இணையதள இணைப்பு ஒரு நல்ல வழி.

கூகுளில் முதலில் வருவதை நம்பக் கூடாது என்பதற்கு 2023 அக்டோபரில் நடந்த சம்பவம் போதும். பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கீபாஸ் புரோகிராமின் பெயரில் கூகுளில் ஒரு விளம்பரம் வந்தது. அது கொண்டுபோன போலித் தளத்தின் முகவரியில் 'கே' எழுத்தின் கீழ் ஒரு சின்னக் குறி. அவ்வளவுதான் வித்தியாசம். திரையில் தூசி ஒட்டியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனவே 'ஸ்பான்சர்ட்' என்று போட்டிருப்பதைத் தாண்டிக் கீழே வாருங்கள்.

இன்னொரு வழி, தேடவே தேடாமல் இருப்பது. விண்டோஸ் 11-ல் 'விங்கெட்' என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. டெர்மினலைத் திறந்து, விங்கெட், இன்ஸ்டால், புரோகிராமின் பெயர் என்று ஆங்கிலத்தில் வரிசையாக டைப் செய்தால் போதும். பெரும்பாலும் உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே ஃபைலை எடுத்து, அது மாற்றப்படவில்லை என்பதையும் சரிபார்த்து இன்ஸ்டால் செய்துவிடும். கருப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு 'நைனைட்' தளம் இருக்கிறது. வேண்டியதை டிக் செய்தால் போதும், கூட வரும் டூல்பார்களுக்கெல்லாம் அதுவே 'நோ' சொல்லிவிடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

கண்ணி எங்கே வைப்பார்கள்?

முதலில் டவுன்லோட் பக்கத்திலேயே. பெரிதாக, பச்சையாக இருக்கும் பட்டன் பெரும்பாலும் விளம்பரம். இறங்கிய ஃபைலின் அளவையும் பாருங்கள். விஎல்சி இன்ஸ்டாலர் சுமார் 40 எம்பி இருக்கும். உங்களுக்கு வந்தது 2 எம்பி என்றால், அது விஎல்சி அல்ல, அதைக் கொண்டுவருவதாகச் சொல்லும் 'டவுன்லோட் மேனேஜர்'. (குரோம் போன்ற சிலவற்றின் அசல் இன்ஸ்டாலரே சின்னதுதான் என்பதால் அளவு ஒரு அறிகுறி மட்டுமே.)

அடுத்து, 'இந்த ஆப் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா' என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி. யாரும் படிக்காமல் 'யெஸ்' அழுத்தும் இடம் இது. அதில் 'பப்ளிஷர்' பெயர் இருக்கும். விஎல்சிக்கு வீடியோலேன் என்று வர வேண்டும். கேள்விப்படாத கம்பெனியின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'அன்நோன்' என்று வந்தால் மட்டும் பதறத் தேவையில்லை. செவன்-ஜிப் போன்ற நல்ல புரோகிராம்களிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது.

அதன் பிறகுதான் இன்ஸ்டாலர். 'எக்ஸ்பிரஸ் (ரெகமண்டட்)' என்பதை விட்டு 'கஸ்டம்' எடுங்கள். முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'டிக்ளைன்' அழுத்தினால் மொத்த இன்ஸ்டாலும் ரத்தாகிவிடுமோ என்று தோன்றும்படி சில திரைகளை அமைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது கூடுதல் ஆஃபரை மட்டுமே மறுக்கும். தைரியமாக அழுத்தலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதிக்குப் போனால், 'ரெப்யுடேஷன்-பேஸ்டு புரொடக்‌ஷன்' அமைப்புகளுக்குள் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கும். அது ஆனில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

அசல் தளம் என்றால் முழு நிம்மதியா?

முழுசா இல்லை. 2017 ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம், சிசிகிளீனரின் அதிகாரப்பூர்வ 5.33 பதிப்பிலேயே ஹேக்கர்கள் வைத்த மால்வேர் இருந்தது. முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் அது வெளியானது. சுமார் 22.7 லட்சம் பேர் கம்ப்யூட்டரில் அது போனது. அதில் ஒரு பயனராக எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. நம்மால் முடிவது, தேவையில்லாததை இன்ஸ்டால் செய்யாமல் இருப்பது. வெளிப்படையாகச் சொன்னால், இன்றைய விண்டோஸில் 'கிளீனர்' என்ற வகையே பெரும்பாலானோருக்குத் தேவையில்லை.

ஏற்கெனவே வந்துவிட்டால்?

செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாக அடுக்குங்கள். அதே நாளில் கூடவே வந்தவை கண்ணில் படும், நீக்குங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்வ்கிளீனரை, அவர்கள் தளத்திலிருந்தே எடுத்து ஓட்டுங்கள். 'இதை நீக்குவது எப்படி' என்று தேடி முதலில் வரும் கருவியை இறக்கினால், பழைய கதை மறுபடியும் தொடங்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் இன்னொரு சிக்கல். டீம்வியூவர் போன்றவை சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம், ஆபீஸ் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். ஒரு ஃபைலில் சந்தேகம் என்று வைரஸ்டோட்டலில் போட்டுப் பார்ப்பதிலும் ஜாக்கிரதை. அங்கே ஏற்றும் ஃபைலைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும், எனவே கம்பெனி ஆவணங்களை ஏற்றாதீர்கள். ஏதாவது உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்தால், நீங்களே துடைத்துவிட்டு மறைக்க வேண்டாம். எந்தத் தளம், எந்த ஃபைல், எத்தனை மணிக்கு என்ற விவரத்தோடு ஐடி டீமிடம் சொல்லிவிடுங்கள்.