வளரிளம் பருவத்தில் முகப்பரு: உடலுக்குள் நிகழ்வது என்ன?

முகப்பரு என்பது மயிர்க்காலையும் அதனோடு இணைந்த எண்ணெய்ச் சுரப்பியையும் பாதிக்கும் நாட்பட்ட அழற்சி நோயாகும். உடல் சூட்டினாலோ, முகம் கழுவாததாலோ இது தோன்றுவதில்லை. காஞ்சிபுரத்தில் வைகாசிக் கருடசேவைக் காலத்து வெயிலில் பலருக்கும் வரும் வேர்க்குரு, வியர்வை நாளங்கள் அடைபடுவதால் உண்டாவது. அது வேறு, பரு வேறு.

பூப்பெய்துவதற்குச் சற்று முன்பே அட்ரினல் சுரப்பிகளும், பின்னர் விந்தகமும் சூலகமும் ஆண்ட்ரோஜன் இயக்குநீர்களை மிகுதியாகச் சுரக்கின்றன. இவை பெண்களின் உடலிலும் குறைந்த அளவில் உண்டு. எனவே சில சிறுமியருக்கு முதல் மாதவிடாய்க்கு முன்னரே பரு தோன்றுகிறது. இவற்றின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் பருத்து, சீபம் என்னும் எண்ணெயை அதிகமாகச் சுரக்கின்றன. அதே வேளையில் மயிர்க்காலின் உட்சுவர் உயிரணுக்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. அடைப்பு மூடியிருப்பின் வெண்முனைப் பரு, திறந்திருப்பின் கருமுனைப் பரு. அக்கருமை அழுக்கன்று, மெலனின் நிறமி சார்ந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, தோல்தான் புண்ணாகும்.

அடைபட்ட எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் நுண்ணுயிரி பெருகுகிறது. இது எல்லோரின் தோலிலும் வாழ்வது. எனவே பரு தொற்றுநோயன்று. உடலின் எதிர்ப்பாற்றல் இதற்கு எதிர்வினையாற்றுவதே சிவப்புக்கும் சீழுக்கும் காரணம்.

பெற்றோருக்குக் கடும் பரு இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை மிகுந்த உணவு இன்சுலினை உயர்த்திச் சிலருக்குப் பருவை மிகுவிக்கிறது. தலையில் வழிய வழியத் தேய்க்கும் எண்ணெய் நெற்றிப் பருவுக்குத் துணைபோகும். தறியில் அமர்வோர் வியர்வையைக் காரணம் கூறுவதுண்டு. உண்மையில், கரடான துணியால் முகத்தை அழுத்தித் துடைப்பதே வீங்கிய மயிர்க்காலை உடைத்துப் பருவைப் பெரிதாக்கும்.

பருவை விடக் கவலைக்குரியது, பிறர் சொற்கேட்டு முகத்தில் பூசும் ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பழகு' களிம்பு. முதல் சில நாள்களில் சிவப்பு தணியும். பின்னர்த் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கி, களிம்பை நிறுத்தியதும் பரு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். 2018-ஆம் ஆண்டில் நடுவண் அரசு இவ்வகை மருந்துகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணை எச்-இல் சேர்த்தது.

உரிய மருந்துகள் பயன்தர ஆறு முதல் எட்டு வாரங்களாகும், இடையில் நிறுத்தலாகாது. வலியுள்ள ஆழ்ந்த கட்டிகள் நிலையான தழும்பை விட்டுச்செல்லும் என்பதால், அவை தோன்றினால் காத்திராமல் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுக வேண்டும். பருவுடன் மாதவிடாய் ஒழுங்கின்மையோ, முகத்தில் அடர்ந்த முடி வளர்ச்சியோ இருக்கும் பெண்களுக்குச் சூலக நீர்க்கட்டி நோய்க்கான பரிசோதனையும் தேவை.