ஆக்சிஜன் சென்சாரின் மந்தகதி

பெட்ரோல் காரின் புகைக் குழாயில், எரிந்து வெளிவரும் வாயுவில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து சொல்லும் ஆக்சிஜன் சென்சாரானது, முற்றிலும் செயலற்றுப் போகாமலே, மாறுதல்களைத் தாமதித்து அறிவிக்கும் தோஷம். 1976-இல் பாஷ் நிறுவனத்தார் வால்வோ கார்களுக்கென அளித்தது முதல் வழக்கிலுள்ள சிர்க்கோனியா வகையில், சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் உஷ்ணம் ஏறிய பின், புகைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையேயுள்ள பிராணவாயு வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். எரிபொருள் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். இதை ஆதாரமாகக் கொண்டே எஞ்சினின் கம்ப்யூட்டர், எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் விகிதத்தை ஒட்டி, கலவையை இடைவிடாது திருத்திக்கொண்டிருக்கிறது. செய்தி தாமதித்தால் திருத்தமும் தாமதிக்கும். கலவை இருபுறமும் அளவுமீறி ஊசலாட, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் சுத்திகரிப்பு குன்றும்.

இத்தோஷத்தின் வஞ்சகம் யாதெனில், மந்தமான சென்சாரும் காலக்கிரமத்தில் அதே 0.9-ஐயும் 0.1-ஐயும் எட்டிவிடக்கூடும் என்பதே. ஆகவே மல்டிமீட்டரில் தோன்றும் எண்களை நம்பி அதை நற்கருவி என்று தீர்மானிப்பது தகாது. காணவேண்டியது அளவன்று, வேகம். எஞ்சினை நன்கு சூடாக்கி, நிமிஷத்துக்குச் சுமார் 2500 சுற்றில் நிறுத்தி, உட்செல்லும் காற்றில் சிறிது புரொபேனைத் திடீரெனச் செலுத்தினால், ஆஸிலாஸ்கோப்பின் கோடு செங்குத்தாக எழவேண்டும். வாக்வம் ஹோஸ் ஒன்றைக் கழற்றினால் அவ்வாறே விழவேண்டும். 0.3-லிருந்து 0.6 வோல்ட்டுக்கு ஏற 100 மில்லிசெகண்டுக்கு மேல் பிடித்தால் சந்தேகம் வலுப்பெறும்.

இந்த மந்தகதியைக் குறித்துக் கம்ப்யூட்டர் பதியும் பி0133 என்னும் குறியீடு ஒரு முறையீடே, தீர்ப்பன்று. அதைக் கண்டவுடன் சென்சாரை மாற்றுவது பரவலாயினும் விவேகமாகாது. புகைக் குழாயில் சென்சாருக்கு முன்னுள்ள விரிசல் வழியே வெளிக்காற்று நுழையினும், சூடேற்றும் கம்பியின் மின்சுற்று பழுதுபடினும், பெட்ரோலின் அழுத்தம் குறையினும் ஏறக்குறைய இதே குறிகள் தோன்றக்கூடுமாதலின், இவற்றை முதலில் பரீட்சித்து விலக்குதல் அவசியம்.

கழற்றிய சென்சாரின் முனையில் கரும்படிவு இருந்தால் கலவையில் எரிபொருள் மிகுதி என்று கொள்ளலாம். வெண்படிவு பெரும்பாலும் சிலிகான் பசையிலிருந்தோ, எஞ்சினுக்குள் கசியும் கூலண்டிலிருந்தோ வருவது. கசிவை அடைக்காமல் புதிதாகப் பூட்டிய சென்சாரும் விரைவில் அதே கதியை அடையும். வைட்பேண்ட் வகைச் சென்சார்களுக்கு, அவற்றின் சமிக்ஞை வேறு தன்மையதாகையால், மேற்கண்ட வோல்ட் அளவுகள் பொருந்தா.